வாசகர் கேள்வி பதில்: இந்த வாட்டி முழுக்க முரகாமி

போன இதழ்ல ஜப்பான் நாவல்கள் பத்தி நாலு வரி எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே ஆளப் பத்திதான், ஹாருகி முரகாமி. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு எடுத்து வச்சிட்டு இந்தப் பக்கத்தை மொத்தமா அவருக்கே குடுத்துட்டோம்.

கேள்வி: முரகாமிய ஒரு பக்கம்கூடப் படிச்சதில்ல சார். எதுல ஆரம்பிக்கலாம்? எல்லாரும் 'நார்வீஜியன் வுட்'ன்னு சொல்றாங்க.

அதுல ஆரம்பிச்சா தப்பில்ல, ஆனா அது அவரோட மத்த நாவல்கள் மாதிரி கிடையாது. பேசுற பூனை இல்ல, வானத்துல ரெண்டு நிலா இல்ல. 1969-70 டோக்கியோ, காலேஜ் ஹாஸ்டல், வத்தனாபேன்னு ஒரு பையன், தற்கொலை பண்ணிக்கிட்ட நண்பனோட காதலி நவோகோ, அப்புறம் வாய் ஓயாம பேசுற மிதோரின்னு இன்னொரு பொண்ணு. கதை இவங்களுக்குள்ளயேதான் சுத்தும். அதைப் படிச்சிட்டு இதுதான் முரகாமின்னு நெனச்சு அடுத்த புக்கை எடுக்கறவங்க திணறிப்போயிடறாங்க.

என்னைக் கேட்டா 'ஆஃப்டர் த குவேக்'ங்கிற சிறுகதைத் தொகுப்புல 'சூப்பர் ஃப்ராக் சேவ்ஸ் டோக்கியோ'ன்னு ஒரு கதை இருக்கு, அதுல ஆரம்பிங்க. பேங்க்ல கடன் வசூல் பண்ற கதகிரின்னு ஒரு சாதாரண மனுஷன் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா உள்ள ஆளுயரத்துக்கும் மேல ஒரு தவளை உக்காந்திருக்கு, டீ போட்டுக் குடுக்குது, டோக்கியோவுக்கு அடியில ஒரு ராட்சசப் புழு கோவத்துல இருக்கு, அது பூகம்பத்தை உண்டாக்கப் போகுது, நாம ரெண்டு பேரும் சேர்ந்து தடுக்கணும்ன்னு சொல்லுது. ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும். அந்தத் தவளைய நம்ப முடிஞ்சதுன்னா மிச்ச எல்லாத்தையும் நீங்க படிச்சிடுவீங்க, நம்ப முடியலன்னா 'நார்வீஜியன் வுட்'டோட நிறுத்திக்கலாம், அதுவும் நல்ல நாவல்தான்.

கேள்வி: பேஸ்பால் மேட்ச் பாத்துட்டு இருந்தப்ப திடீர்னு எழுத்தாளர் ஆகணும்னு தோணிச்சாமே, இது நெசமா?

அவரே பல எடத்துல சொல்லியிருக்காரு. 1978 ஏப்ரல்ல, டோக்கியோ ஜிங்கூ ஸ்டேடியம், யாகுல்ட் ஸ்வாலோஸுக்கும் ஹிரோஷிமா கார்ப்புக்கும் மேட்ச். டேவ் ஹில்டன்னு ஒரு அமெரிக்கப் பிளேயர் பந்தை அடிச்சிட்டு ரெண்டாவது பேஸுக்கு ஓடறாரு, அந்த நிமிஷம் தன்னால ஒரு நாவல் எழுத முடியும்ன்னு இவருக்குத் தோணுது. அப்போ அவருக்கு வயசு 29.

ஆனா எல்லாரும் அந்தப் பந்தோட நிறுத்திக்கிறாங்க, எனக்கு அதுக்கு முன்னாடி நடந்ததுதான் முக்கியமாத் தெரியுது. கியோட்டோவுல 1949ல பொறந்து கோபே பக்கம் வளர்ந்தவரு, அப்பா அம்மா ரெண்டு பேருமே ஜப்பானிய இலக்கிய வாத்தியாருங்க. வசேதா யுனிவர்சிட்டில நாடகம் படிச்சாரு, படிப்பு முடியறதுக்குள்ளயே யோகோவக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, கடன் ஒடன வாங்கி 1974ல டோக்கியோ பக்கம் கொகுபுன்ஜியில 'பீட்டர் கேட்'ன்னு ஒரு ஜாஸ் பார் ஆரம்பிச்சிட்டாரு. பீட்டர் அவங்க வளத்த பூனையோட பேரு. 1977ல கடைய சென்டகயாவுக்கு மாத்தினாங்க. ராத்திரி கடை மூடுன பிறகு வீட்டுக் கிச்சன் டேபிள்ல உக்காந்து எழுதினதுதான் முதல் நாவல் 'ஹியர் த விண்ட் சிங்'. எழுதினதை காப்பிகூட எடுத்து வச்சுக்காம 'குன்ஸோ' பத்திரிகையோட புதுமுக எழுத்தாளர் போட்டிக்கு அனுப்பிட்டாரு. 1979ல அது பரிசு வாங்கிச்சு, வாங்கலன்னா அந்தக் கைப்பிரதியே தொலஞ்சு போயிருக்கும், தானும் வேற நாவல் எழுதியிருக்க மாட்டேன்னு சொல்றாரு.

பார் நடத்தினதுல அவரு கத்துக்கிட்டதா சொல்ற ஒரு விஷயம் ரொம்பப் பிடிக்கும் எனக்கு. கடைக்கு வர்ற 10 பேர்ல ஒருத்தருக்குப் பிடிச்சு அவரு திரும்பத் திரும்ப வந்தாப் போதும், கடை ஓடும், ஆனா அந்த ஒருத்தருக்கு நெசமாவே பிடிச்சிருக்கணும். எழுத வந்த பிறகும் இதே கணக்குதான் வச்சிருந்தாரு.

கேள்வி: அகுதகவா பரிசு வாங்கியிருக்காரா?

இல்ல. முதல் ரெண்டு நாவலும் இறுதிப் பட்டியல் வரைக்கும் போச்சு, ரெண்டு வாட்டியும் கெடைக்கல. அது புது எழுத்தாளர்களுக்கான பரிசு, அதனால அப்புறம் வாய்ப்பே இல்லாமப் போச்சு. தனிஸாகிங்கிற இன்னொரு இலக்கியப் பரிசு 1985ல வந்தது, 'ஹார்ட்-பாயில்ட் வொண்டர்லேண்ட்' நாவலுக்கு.

கேள்வி: ஜப்பான்லயே அவர ஜப்பானிய எழுத்தாளரா ஒத்துக்கறதில்லன்னு ஒரு நண்பர் சொல்றாரு. பீட்டில்ஸ், ஸ்பகெட்டி, ஜாஸ்னு எழுதினா எப்படி ஒத்துப்பாங்கன்னு கேக்கறாரு.

உங்க நண்பர் சொல்றது எண்பதுகள்ல அங்க நெசமாவே நடந்த சண்டை. பெரிய விமர்சகர்களும் மூத்த எழுத்தாளர்களும் இவர ஏத்துக்கல, பின்னாடி நோபல் வாங்கின கென்சாபுரோ ஓயேகூட இவரக் கடுமையா விமர்சிச்சவருதான். முரகாமியோட பாஷை அவங்களுக்கு ரொம்ப லேசாத் தெரிஞ்சுது. அந்த லேசுத்தனத்த இவரு உக்காந்து செஞ்சாரு, முதல் நாவலோட தொடக்கத்த ஒரு ஒலிவெட்டி டைப்ரைட்டர்ல இங்கிலீஷ்ல எழுதிப் பாத்து, தெரிஞ்ச கொஞ்ச வார்த்தைய வச்சே சின்னச் சின்ன வாக்கியமா அமைச்சு, அதையே திரும்ப ஜப்பானிஸ்ல எழுதினாரு, அப்பதான் அவரோட குரல் அவருக்குக் கெடச்சுது.

1987 செப்டம்பர்ல 'நார்வீஜியன் வுட்' வந்தது, ஒண்ணு சிவப்பு அட்டை இன்னொண்ணு பச்சை அட்டைன்னு ரெண்டு வால்யூம், லட்சக்கணக்குல வித்துச்சு. அப்போ அவரு ஊர்லயே இல்ல, 1986லயே ஐரோப்பா போயிட்டாரு, அந்த நாவலே கிரீஸ்ல ஆரம்பிச்சு சிசிலில தொடர்ந்து ரோம்ல முடிச்சதுதான். திரும்பி வந்து பாத்தா தெருவுல எல்லாருக்கும் மூஞ்சி தெரியுது, அது அவருக்குத் தாங்கல, மறுபடி கிளம்பி 1991ல அமெரிக்காவுல பிரின்ஸ்டன் போயிட்டாரு. அங்க உக்காந்து எழுதின நாவல்தான், என்னைப் பொறுத்தவரைக்கும், அவரோட ஆகப் பெரிய வேலை. அடுத்த கேள்வி அதப் பத்திதான்.

கேள்வி: 'வைண்ட்-அப் பேர்ட் க்ரானிக்கிள்' ரெண்டு வாட்டி படிச்சேன். பூனை காணாமப் போகுது, பொண்டாட்டி காணாமப் போறா, ஹீரோ கிணத்துக்குள்ள போய் உக்காந்துக்கறான். எதுக்கு உக்காந்துக்கறான்னு கடைசி வரைக்கும் புரியல.

நல்ல கேள்வி, நிறையப் பேரு கேக்க வெக்கப்பட்டு விட்டுடற கேள்வி. தோரு ஒகாதா அந்த நாவல் பூரா என்ன செய்யறான்னு கவனிச்சுப் பாருங்க. அவனுக்கு வேலை கிடையாது, பெருசா சாகசமும் கிடையாது. வர்றவங்க போறவங்க எல்லாம் அவங்கவங்க கதைய அவன்கிட்ட சொல்றாங்க, அவன் குறுக்க பேசாமக் கேக்கறான். லெஃப்டினண்ட் மமியான்னு ஒரு கிழவரு வர்றாரு, போர்ல மங்கோலிய எல்லையில தன் கூட வந்த ஆள கண்ணு முன்னாடி உயிரோட தோலுரிச்சதையும், தன்னைக் கிணத்துல விட்டுட்டுப் போனதையும், அந்தக் கிணத்துக்குள்ள ஒரு நாளைக்குச் சில நொடி மட்டும் வெயில் எறங்கி வந்ததையும் சொல்றாரு. அதைக் கேட்ட பிறகுதான் ஒகாதா பக்கத்து வீட்டு வத்துன கிணத்துல எறங்கறான்.

1939ல அந்த மங்கோலிய எல்லையில இருக்கற நோமோன்ஹான்ல ஜப்பானிய ராணுவம் சோவியத் படைகிட்ட மோதி ஆயிரக்கணக்குல ஆளுங்கள இழந்து தோத்துச்சு, அதைப் பத்தி நாட்டுக்குள்ள வாயத் தெறக்க விடல. அந்த மௌனத்துக்கும் 1984ல டோக்கியோவுல ஒரு சாதாரணக் கல்யாணம் சத்தமில்லாம ஒடஞ்சு போறதுக்கும் ஏதோ தொடர்பு இருக்குன்னு முரகாமி நம்பறாரு, அந்தத் தொடர்பத் தேடித்தான் அவன் கிணத்துக்குள்ள போறான். என்ன தொடர்புன்னு கடைசில எழுதி ஒட்ட மாட்டாரு. அப்படி ஒட்டியிருந்தா நீங்களும் ரெண்டாவது வாட்டி படிச்சிருக்க மாட்டீங்க.

1994-95ல மூணு வால்யூமா வந்தது, யோமியுரி பரிசு கெடச்சுது, நடுவர் குழுவுல இருந்த ஓயே அதப் பாராட்டிப் பேசினாரு. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க, நீங்க படிச்சது இங்கிலீஷ்னா அது முழுசு கிடையாது, ஜே ரூபின் மொழிபெயர்த்தப்ப பதிப்பகம் சொன்ன அளவுக்குள்ள கொண்டு வர்றதுக்காக கணிசமான பகுதிய வெட்டிட்டாங்க.

கேள்வி: முரகாமிக்கு அரசியலே கிடையாதா? நாட்டுல என்ன நடந்தாலும் அவரு ஹீரோ பாட்டுக் கேட்டுட்டு சாண்ட்விச் பண்ணிட்டு இருப்பான். ஒரு கோவத்தோடதான் கேக்கறேன்.

உங்க கோவத்துல ஞாயம் இருக்கு, 1995க்கு முன்னாடி எழுதினதுக்கு. அந்த வருஷம் ஜனவரி 17ந் தேதி கோபே பூகம்பம், 6,400 பேருக்கு மேல செத்தாங்க, அவரோட அப்பா அம்மா வீடும் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மார்ச் 20, திங்கக்கிழமை காலைல ஜனங்க ஆபீஸ் போற நேரத்துல ஓம் ஷின்ரிக்யோங்கிற மத அமைப்போட ஆளுங்க டோக்கியோ சப்வேல அஞ்சு ரயிலுக்குள்ள சாரின் விஷத்தக் கசிய விட்டாங்க. அப்போ 13 பேர் செத்தாங்க, ஆயிரக்கணக்கான பேரு கண்ணு, நரம்பு, தூக்கம்ன்னு எதையாவது இழந்தாங்க. அமெரிக்காவுல இருந்த முரகாமி அந்த வருஷமே ஊரு திரும்பிட்டாரு.

ஒரு பெண்கள் பத்திரிகைல வாசகி ஒருத்தங்க எழுதின கடிதத்தப் படிச்சாரு. சாரின் பாதிப்பால அவங்க புருஷனால முன்ன மாதிரி வேலை செய்ய முடியல, ஆபீஸ்ல ஜாடையாப் பேசியே வேலைய விட வச்சிட்டாங்க. விஷம் வச்சவங்க ஒரு பக்கம், அதுல அடிபட்டவனை மறுபடி அடிக்கறவங்க ஒரு பக்கம், ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்து தான வருதுன்னு யோசிச்சாரு. 1996 பூரா, அதுவரைக்கும் பேட்டின்னாலே ஒதுங்கிப் போன மனுஷன், பாதிக்கப்பட்டவங்க 60 பேரத் தேடிப் போய் உக்காந்து கேட்டாரு. எடுத்ததும் சாரின் பத்திக் கேக்கல. எங்க பொறந்தீங்க, எப்படி வளர்ந்தீங்க, என்ன வேலை, அன்னைக்கு எத்தன மணிக்கு எந்த ரயிலு ஏறினீங்க, அப்படி. எழுதினத அவங்ககிட்டயே காட்டி, வேண்டாம்ன்னு சொன்னத எடுத்துட்டாரு. 1997ல அது 'அண்டர்கிரவுண்ட்'ன்னு புக்கா வந்துச்சு.

அதுல ஒரு பொண்ணு வர்றா, விஷம் மூளையத் தாக்கி பேச்சு போயி ஞாபகம் போயி ஆஸ்பத்திரியில இருக்கறவ. அண்ணன்காரன் அடிக்கடி போய்ப் பாக்கறான். அவளுக்கு எங்க போகணும்ன்னு ஆசைன்னு கேட்டா தெளிவில்லாம ஒரு சத்தம் வருது, அது டிஸ்னிலேண்டுன்னு அண்ணன்தான் புரிஞ்சு சொல்றான். முரகாமி கெளம்பறப்ப கை குலுக்கலாமான்னு கேக்கறாரு, அவ இறுக்கிப் பிடிச்சுக்கறா, ரொம்ப நேரம் விடல. அந்தப் பொண்ணு 2020ல எறந்துட்டாங்க, அந்தத் தாக்குதலோட 14வது மரணம். இந்தப் பத்துப் பதினஞ்சு பக்கத்தப் படிச்சிட்டு அவருக்கு அரசியல் இல்லன்னு எனக்குச் சொல்ல வராது.

அதோட விடல. எதிர்ப்பக்கத்தயும் கேட்டாரு, அந்த அமைப்புல இருந்தவங்களப் பேட்டி எடுத்து இன்னொரு புக்கு போட்டாரு, கோர்ட்டு விசாரணைக்கும் போய் உக்காந்திருந்தாரு. 2018 ஜூலைல ஓம் ஆளுங்க 13 பேரத் தூக்குல போட்டப்ப 'மைனிச்சி' பத்திரிகைல எழுதினாரு, பொதுவா நான் மரண தண்டனைக்கு எதிரானவன், ஆனா இத்தன குடும்பத்தோட வலியக் கிட்டேர்ந்து பாத்துட்டு இந்தக் கேஸ்ல அத என்னால பகிரங்கமா சொல்ல முடியலன்னு. நியாயமான பதிலு சொல்லித் தப்பிச்சுக்காம, தனக்குள்ள ரெண்டா இருக்கறத அப்படியே வச்சாரு. '1க்யூ84' நாவல்ல வர்ற 'சகிகாகே'ங்கிற மத அமைப்பும், 'ஆஃப்டர் த குவேக்'ல எல்லாக் கதையும் 1995 பிப்ரவரில, அதாவது பூகம்பத்துக்கும் சாரினுக்கும் நடுவுல நடக்கறதும், இதோட தொடர்ச்சிதான். ஜெருசலேம் பரிசு வாங்கப் போன 2009ல சுவத்துல மோதி ஒடையற முட்டை பக்கம்தான் நான் நிப்பேன்னு அங்கயே சொன்னாரு. ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் 2011ல பார்சிலோனாவுல அணு உலைகளுக்கு நாம முடியாதுன்னு சொல்லியிருக்கணும்ன்னு பேசிட்டு பரிசுப் பணத்த பாதிக்கப்பட்டவங்களுக்குக் குடுத்துட்டாரு.

கேள்வி: முரகாமி நாவல்ல பொண்ணுங்க எல்லாம் ஒண்ணு காணாமப் போறாங்க, இல்லன்னா ஹீரோவுக்கு வழி காட்டிட்டுப் போயிடறாங்க. ஒரு பொண்ணா எனக்கு இதப் படிக்க எரிச்சலா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

சரியாத்தான் சொல்றீங்கம்மா. இதே கேள்விய அவர நேருக்கு நேரா கேட்டவங்க மியெகோ கவகாமி, ஜப்பானோட முக்கியமான நாவலாசிரியை, அவரோட வாசகியும்கூட. ரெண்டு பேரும் பேசினது 2017ல தனி புக்காவே வந்தது. பொண்ணுங்க ஏன் உங்க கதைல ஹீரோவோட பயணத்துக்காகப் பலியாகறாங்க, ஏன் உடம்பாலயே பார்க்கப்படறாங்கன்னு விடாமக் கேட்டாங்க. தனக்கு அப்படி ஒரு வகை மாதிரி இல்ல, ஆம்பளையோ பொம்பளையோ எந்தப் பாத்திரத்தயும் ரொம்ப ஆழமா யோசிக்கறதில்ல, அவங்களுக்கும் உலகத்துக்கும் நடுவுல இருக்கறதுதான் முக்கியம்ங்கிற மாதிரி பதில் சொன்னாரு. எனக்கு அந்தப் பதில் போதல. 60 பேர அவ்ளோ பொறுமையாக் கேட்ட மனுஷன் தன்னோட நாவல்ல வர்ற பொண்ணுங்கள அந்தளவு கேக்கலையேங்கிற வருத்தம் எனக்கு உண்டு. 'ஸ்லீப்'ன்னு ஒரு சிறுகதை மட்டும் தேடிப் படிங்க, தூக்கமே வராமப் போன ஒரு குடும்பப் பெண் ராத்திரி பூரா தனக்காக நாவல் படிச்சிட்டு, தன் வாழ்க்கைய முதல் வாட்டியா பாக்கற கதை, அவளேதான் சொல்றா. '1க்யூ84'ல கதாநாயகி அஓமாமேவும் ஓரளவுக்குத் தனக்குன்னு நிக்கற ஆளு.

கேள்வி: நோபல் வருமா வராதா?

இதுவரைக்கும் வரல. வருஷா வருஷம் அக்டோபர்ல சென்டகயாவுல பழைய பார் இருந்த எடத்துக்குப் பக்கத்துல ஹதோனோமோரி கோயில்ல ரசிகருங்க கூடி அறிவிப்பக் கேட்டுட்டு இருப்பாங்க. நோபல் பட்டியல் 50 வருஷத்துக்கு ரகசியம், பேரு இருக்கா இல்லையான்னு பேசறதெல்லாம் சூதாட்டக் கம்பெனிங்க கெளப்பறது. 2018ல நோபல் நின்னு போனப்ப அதுக்குப் பதிலா வச்ச ஒரு பரிசுக்கு இறுதிப் பட்டியல்ல இவரு பேரு வந்துச்சு, அமைதியா எழுதணும்ன்னு சொல்லி பேர எடுக்கச் சொல்லிட்டாரு.

கேள்வி: தினமும் ஓடுவாராமே, அப்படி என்ன தெனசரி வழக்கம்?

நாவல் எழுதற காலத்துல காலைல 4 மணிக்கு எழுந்து அஞ்சாறு மணி நேரம் எழுதுவாரு, மத்தியானம் 10 கிலோமீட்டர் ஓட்டம் இல்லன்னா 1,500 மீட்டர் நீச்சல், ராத்திரி 9 மணிக்குத் தூக்கம். 400 எழுத்து கொள்ளுற ஜப்பானியக் கைப்பிரதித் தாள்ல தினம் 10 பக்கம், நல்லா வந்தாலும் அதுக்கு மேல போறதில்ல, வரலன்னாலும் 10 பக்கம் ஒப்பேத்திடுவாரு. 1981ல பார வித்துட்டு முழு நேரமா எழுத உக்காந்தப்ப ஒரு நாளைக்கு 60 சிகரெட், உடம்பு ஏறிப்போச்சு, அப்பதான் ஓட ஆரம்பிச்சாரு. 1996ல ஹொக்கைடோ சரோமா ஏரிகிட்ட 100 கிலோமீட்டர் ஒரே நாள்ல ஓடி முடிச்சாரு.

கேள்வி: உங்கள மாதிரி அவரு எப்பவாவது வாசகர் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காரா?

எங்களால கிட்டயே போக முடியாத அளவுக்கு. 2015ல கொஞ்ச நாளு ஒரு வெப்சைட் தெறந்து வச்சு கேள்வி அனுப்புங்கன்னாரு, 37,000த்துக்கு மேல மெயில் வந்துச்சு, எல்லாத்தயும் தானே படிச்சு 3,700 சொச்சம் பேருக்குப் பதில் எழுதினாரு. காதல் தோல்வி, பூனை செத்துப்போச்சு, மாமியார் பிரச்சனை, உங்க நாவல் புரியல, எல்லாம் உண்டு. 'காஃப்கா ஆன் த ஷோர்' வந்தப்பவும் இதே மாதிரி பண்ணினாரு. நாவல் புரியலன்னு கேட்டவங்களுக்கு, திரும்பத் திரும்பப் படிங்க, புதிருங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து உங்களுக்குன்னு ஒரு விடை கெடைக்கும்ங்கிறதுதான் அவரு சொன்னது.

கேள்வி: 'டிரைவ் மை கார்' படம் பாத்தேன். கதையும் அப்படியேதானா?

'மென் விதவுட் விமன்' தொகுப்புல இருக்கற சிறுகதை, ரொம்பச் சின்னது. படத்தோட டைரக்டர் ஹமகுச்சி அதே தொகுப்புல வேற கதைகளயும் எடுத்துச் சேத்துக்கிட்டாரு. ஹிரோஷிமாவுல நடக்கற நாடக ஒத்திகையெல்லாம் படத்துக்காக வந்தது. ரெண்டும் தனித்தனியா நிக்குது, படிங்க.

கேள்வி: 2023ல வந்த பெரிய நாவல் 'த சிட்டி அண்ட் இட்ஸ் அன்சர்ட்டன் வால்ஸ்' பழசயே திரும்ப எழுதினதுன்னு சொல்றாங்களே, வயசாயிடுச்சா?

பழசுதான், ஆனா சோம்பேறித்தனத்துல இல்ல. 1980ல ஒரு பத்திரிகைல குறுநாவலா எழுதினாரு, சுவரு சூழ்ந்த ஒரு நகரம், உள்ள போகணும்ன்னா நிழலக் கழட்டி வச்சிட்டுப் போகணும். சரியா வரலன்னு தோணி புக்காப் போடவே விடல. 1985ல அதே நகரத்த 'ஹார்ட்-பாயில்ட் வொண்டர்லேண்ட்'ல பாதிக் கதையா வேற விதமா எழுதினாரு. அதுக்கப்புறமும் தொண்டைல சிக்கின முள்ளு மாதிரி அது கூடவே இருந்திருக்கு. 2020ல கொரோனா ஊரடங்கு நேரத்துல எடுத்து உக்காந்து மூணு வருஷம் வெளிய அதிகமாப் போகாம எழுதி 2023 ஏப்ரல்ல வெளியிட்டாரு, அப்போ 74 வயசு. முதல் பகுதி பழைய கதைக்குக் கிட்ட இருக்கும், கொஞ்சம் மெதுவாத்தான் போகும். ரெண்டாவது பகுதில ஃபுகுஷிமா மலைப்பக்கத்துல ஒரு சின்ன ஊரு லைப்ரரிக்கு ஹீரோ வேலைக்குப் போறான், அங்க கோயாசுன்னு ஒரு வயசான லைப்ரரியன் பாவாடை கட்டிக்கிட்டு தொப்பி போட்டுக்கிட்டு வருவாரு. அவரு வர்ற பக்கங்க, முரகாமி இதுவரைக்கும் எழுதினதுலயே ரொம்ப கனிவானதுன்னு சொல்லுவேன். அது வரைக்கும் பொறுத்துப் படிங்க, இடையில மூடி வச்சிடாதீங்க.